குத்துமதிப்புக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துமதிப்புக் கணக்கு என்று எதைச் சொல்கிறோம்? அது வெறும் ஊகம்தானே?

நேரடியாகத் தெரியாத ஓர் எண்ணை, நமக்குத் தெரிந்த அல்லது ஓரளவு வரம்பு கட்டக்கூடிய சில எண்களாகப் பிரித்து, அவற்றைப் பெருக்கியும் வகுத்தும் விடை ஆயிரத்தில் வருமா, லட்சத்தில் வருமா, கோடியில் வருமா என்று கண்டறிவதைத்தான் இங்கே குத்துமதிப்புக் கணக்கு என்கிறோம். மதுரையில் எத்தனை சலூன்கள் இருக்கும் என்று கேட்டதும் ஒருவர் சட்டென்று 'ஐந்நூறு இருக்கும்' என்றால் அது ஊகம். மக்கள்தொகை இவ்வளவு, முடி வெட்டிக்கொள்பவர் இத்தனை பேர், ஒரு தொழிலாளி ஒரு நாளில் வெட்டக்கூடியது இத்தனை தலை என்று படிப்படியாகச் சொல்லி அதே ஐந்நூறுக்கு வந்திருந்தால் அது கணக்கு. இரண்டும் ஒரே எண்ணைத் தந்தாலும், இரண்டாவதில் எந்தப் படி தனக்கு உடன்பாடில்லை என்று கேட்பவர் சுட்டிக்காட்ட முடியும். ஊகத்தை மறுக்கலாமே தவிர, திருத்த வழியில்லை.

இயற்பியலார் இதற்கு ஃபெர்மியின் பெயரைச் சூட்டியது ஏன்?

இத்தாலியில் பிறந்து 1938-இல் நோபல் பரிசு பெற்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய என்ரிக்கோ ஃபெர்மி இத்தகைய கணக்குகளில் பெரிய கைகாரர். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது, அவர் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தள்ளி இருந்தார். வெடித்துச் சுமார் 40 வினாடிகள் கழித்து அதிர்வலை வந்து சேர்ந்தது. அது வருவதற்கு முன்பும், கடக்கும்போதும், கடந்த பின்பும் ஆறடி உயரத்திலிருந்து சிறு காகிதத் துண்டுகளை அவர் கீழே விட்டுக்கொண்டிருந்தார். காற்றே இல்லாத நேரம் என்பதால், அலை கடந்தபோது விழுந்துகொண்டிருந்த துண்டுகள் எவ்வளவு விலகின என்பதை அவரால் தெளிவாக அளக்க முடிந்தது. இரண்டரை மீட்டர் விலகியிருந்தன. அதிலிருந்து, குண்டின் ஆற்றல் பத்தாயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகராக இருக்கும் என்று மதிப்பிட்டார். நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த அளவு 21 ஆயிரம் டன். காகிதத் துண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு இரண்டு மடங்குதான் பிசகியது.

சிகாகோ நகரில் பியானோவுக்குச் சுதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற புகழ்பெற்ற கேள்வியையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். பாடநூல்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்த்துவிட்டதால் இங்கே வேறு கணக்கைப் பார்ப்போம்.

அப்படியானால் மதுரைச் சலூன் கணக்கையே முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

மாநகரின் மக்கள்தொகையைச் சுமார் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, அதாவது ஏழரை லட்சம் பேர், ஆண்களும் சிறுவர்களும். மாதம் தவறாமல் முடி வெட்டிக்கொள்பவர்களும் உண்டு, இரண்டு மாதம் இழுப்பவர்களும் உண்டு. எனவே ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து முறை என்பது பொருந்தும். ஆண்டுக்கு 75 லட்சம் முடிவெட்டுகள் என்று ஆகிறது.

இனி மறுபக்கம். ஒரு தலைக்கு அரை மணி நேரம் பிடிக்கும். கடை பத்து மணி நேரம் திறந்திருந்தால் இருபது பேருக்கு வெட்டலாம் என்று தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சில் இடம் இருக்காது, புதன்கிழமை மதியம் தொழிலாளி நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார். சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு என்று கொள்வதே நியாயம். செவ்வாய்க்கிழமை கடை திறக்காத வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு என்பதால் ஆண்டுக்கு 300 வேலை நாட்கள். ஒருவர் ஆண்டுக்கு 3600 பேருக்கு முடி வெட்டுகிறார். 75 லட்சத்தை 3600-ஆல் வகுத்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்கள். கடைக்கு இரண்டு பேர் என்றால் சுமார் ஆயிரம் கடைகள். சவரத்துக்கு மட்டும் வருகிறவர்களும் நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பதைச் சேர்த்தால் 1500 வரை போகலாம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. விடையை வேறு வழியில் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். ஆயிரம் கடைகள் என்றால் 1500 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 400 வீடுகளுக்கு, ஒரு கடை. குடியிருப்புப் பகுதியில் நடந்து பார்த்தவர்களுக்கு இது நம்பும்படியாகவே இருக்கும். விடை பத்தாயிரம் என்று வந்திருந்தால் நாற்பது வீட்டுக்கு ஒரு கடை, கிட்டத்தட்ட தெருவுக்கு ஒன்று. நூறு என்று வந்திருந்தால் பதினைந்தாயிரம் பேருக்கு ஒரு கடை, வாசலில் எந்நேரமும் வரிசை நிற்கும். இரண்டையும் நாம் பார்த்ததில்லை. வருமானத்தை வைத்தும் பார்க்கலாம்: ஒரு தலைக்கு 120 ரூபாய் என்று கொண்டால் பன்னிரண்டு பேருக்கு ஏறத்தாழ 1400 ரூபாய், வாடகையும் மின்கட்டணமும் போக ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்கக்கூடிய தொகை அது. நாளுக்கு மூன்று பேர்தான் என்று கொண்டிருந்தால் எவரும் அந்தத் தொழிலில் நீடித்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு எண்ணும் தோராயம்தான் எனும்போது, அவற்றைப் பெருக்கி வரும் விடையில் பிழை பூதாகாரமாகப் பெருகிவிடாதா?

எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்தால் பெருகும். ஐந்து எண்களை மதிப்பிடுகிறோம், ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பிசகலாம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தும் மேல்நோக்கியே பிசகும்போது விடை 32 மடங்கு தவறும். ஆனால் ஒன்று கூடினால் மற்றொன்று குறைவதே இயல்பு. பிழைகள் ஒன்றையொன்று சாராமல் இரு பக்கமும் சிதறியிருந்தால், ஐந்து எண்களில் எதிர்பார்க்கத்தக்க பிசகு ஐந்து மடங்குக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். முழு விடையையும் ஒரே மூச்சில் ஊகிப்பவர் நூறு மடங்கு தவறுவது சாதாரணம்; ஆகவே பிரித்துப் பார்ப்பது நமக்கு லாபம்தான்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. பிழைகள் ஒன்றையொன்று சாரக் கூடாது. ஒரு கட்சிக்காரர் தம் மாநாட்டுக் கூட்டத்தை மதிப்பிடும்போது திடலின் பரப்பையும் கூட்டிச் சொல்வார், நெரிசலையும் கூட்டிச் சொல்வார். அங்கே பிழைகள் கழிந்துபோவதில்லை, கைகோத்துக்கொள்கின்றன.

ஓர் எண்ணைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்றால் எங்கிருந்து தொடங்குவது?

எதுவுமே தெரியாது என்பது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. இதற்குக் கீழே போகாது என்று அடித்துச் சொல்லக்கூடிய ஓர் எண்ணையும், இதற்கு மேலே போகாது என்று சொல்லக்கூடிய ஓர் எண்ணையும் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் இடையே என்றால் விடை ஆயிரம். கூட்டிப் பாதியாக்கினால் 5050 வரும். அது மேல் வரம்புக்கு வெறும் இரண்டு மடங்கு தூரத்திலும், கீழ் வரம்புக்கு ஐம்பது மடங்கு தூரத்திலும் நிற்கிறது. மடங்குகளில் சிந்திக்கும்போது கூட்டுச் சராசரி நம்மை எப்போதும் பெரிய எண்ணின் பக்கமே இழுத்துச் செல்லும்.

300 என்பது நூறின் கணக்கில் சேருமா, ஆயிரத்தின் கணக்கில் சேருமா?

நூறில். மடங்குக் கணக்கில் நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுப்புள்ளி 316. எனவே 300 நூறுக்கு நெருக்கம், 400 ஆயிரத்துக்கு நெருக்கம்.

'பத்து லட்சம் பேர் திரண்டனர்' என்ற செய்தியைச் சரிபார்க்க முடியுமா?

மிக எளிதாக. 1960-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தம் அலுவலக ஜன்னலிலிருந்து மாணவர் கூட்டங்களைப் பார்த்து ஒரு வழி கண்டார். கீழே இருந்த சதுக்கத்தின் தரையில் ஒரே அளவிலான கட்டங்கள் இருந்தன. சில கட்டங்களில் நிற்பவர்களை எண்ணி மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். தளர்வான கூட்டத்தில் ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நான்கரை சதுர அடி, மூச்சுமுட்டும் நெரிசலில் இரண்டரை சதுர அடி என்று அவர் வகுத்த அளவுகள் இன்றும் பயன்படுகின்றன.

இதை நம் நில அளவுக்கு மாற்றினால் நினைவில் வைக்க வசதியாகிறது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நெருக்கமாக நின்றால் சென்டுக்குச் சுமார் நூறு பேர், ஏக்கருக்குப் பத்தாயிரம் பேர். ஆக, பத்து லட்சம் பேர் நிற்க நூறு ஏக்கர் வேண்டும். மூச்சுமுட்ட நின்றாலும் ஐம்பத்தைந்து ஏக்கருக்குக் குறையாது. மேடைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் ஒதுக்கிய இடம் இதில் சேராது. நாற்காலி போட்டிருந்தால் ஆளுக்கு ஆறு சதுர அடிக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும். அடுத்த முறை 'இருபது ஏக்கர் திடலில் பத்து லட்சம் பேர்' என்று படிக்கும்போது, இரண்டு லட்சம் என்று திருத்தி வாசித்துக்கொள்ளலாம். அதுவே தாராளம்.

மழையளவு, டி.எம்.சி., கன அடி என்று வரும் செய்திகள் குழப்புகின்றன. அவற்றுக்கும் இந்த வழி உதவுமா?

இந்த வழி முழுப் பலன் தருவது இங்கேதான் என்று சொல்வேன். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் ஏறத்தாழ 2830 கோடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள் இருப்பதால், வினாடிக்குச் சுமார் 11,600 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை காலியாக இருக்கும்போது வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வருகிறது என்றால் நாளுக்கு எட்டரை டி.எம்.சி. சேரும், வெளியேற்றம் இல்லாவிட்டால் பதினோரு நாளில் நிரம்பிவிடும். இதற்குத் தொலைக்காட்சி விவாதம் தேவையில்லை.

இப்போது சென்னை. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 140 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடி கன மீட்டர், அதாவது 21 டி.எம்.சி. நீர் நகரத்தின் தலையிலேயே விழுகிறது. நகரத்துக்கு எவ்வளவு வேண்டும்? 70 லட்சம் பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் என்றால் சுமார் 100 கோடி லிட்டர், அதாவது பத்து லட்சம் கன மீட்டர். மாதத்துக்கு ஒரு டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். ஆண்டுக்கு 13 டி.எம்.சி. நகர எல்லைக்குள் பெய்யும் மழையே நகரத்தின் வீட்டுத் தேவையை விட அதிகம் என்ற முடிவுக்கு நாம் வந்திருக்கிறோம்.

அந்த மழை முழுவதையும் பிடித்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி கடலுக்கு ஓடும், பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அதில் பாதியளவு, 24 சென்டிமீட்டர், மாநகராட்சிப் பரப்பு முழுவதும் பெய்தாலே செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3.645 டி.எம்.சி.க்குச் சமமான நீர் ஆகிவிடும். வெள்ளமும் வறட்சியும் ஒரே நகரத்தை மாறிமாறித் தாக்குவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது இந்த இரண்டு பெருக்கல்களிலேயே தெரிகிறது: மழை போதுமானதாகவே இருக்கிறது, அதைத் தேக்கி வைக்கத்தான் இடம் இல்லை.

கண்ணுக்கே தெரியாதவற்றையும் இப்படி மதிப்பிட முடியுமா?

முடியும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனின் கிளாப்பம் பகுதிக் குளம் ஒன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி அலையை அடக்கியதை 1774-இல் வெளியான கட்டுரையில் விவரித்தார். தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், அரை ஏக்கர் 2000 சதுர மீட்டர். கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் கிடைக்கும்: ஒரு மீட்டரின் நூறு கோடியில் இரண்டரைப் பங்கு. எண்ணெய் மூலக்கூறு ஒன்றின் நீளம் இந்த அளவில்தான் இருக்கிறது. ஃபிராங்க்ளினின் கையில் எல்லா எண்களும் இருந்தன; வகுத்துப் பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1890-இல், ராலே பிரபு அதே வகைச் சோதனையைச் செய்து அந்த வகுத்தலையும் செய்தார்.

எந்த இடத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

அடுக்கு வரும் இடத்தில். ஃபெர்மி காகிதத்தால் மதிப்பிட்ட அதே குண்டை, பிரிட்டிஷ் அறிவியலார் ஜி. ஐ. டெய்லர் பின்னர் வெளியான புகைப்படங்களைக் கொண்டு கணக்கிட்டு 1950-இல் வெளியிட்டார். வெடிப்பின் ஆற்றல், ஆரத்தின் ஐந்தாம் அடுக்கைக் காற்றின் அடர்த்தியால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் அளவை ஒட்டியே இருக்க வேண்டும். அலகுகள் வேறு எந்த விதத்திலும் பொருந்தாது. 0.025 வினாடியில் நெருப்புக் கோளத்தின் ஆரம் சுமார் 140 மீட்டர் என்பது ஒரு படத்திலேயே தெரிகிறது. காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 20 ஆயிரம் டன் டி.என்.டி. வரும்.

வியக்கத்தக்க துல்லியம்தான், ஆனால் ஆரம் ஐந்தாம் அடுக்கில் இருப்பதால் அதைப் பத்து விழுக்காடு கூட்டி அளந்திருந்தால் ஆற்றல் அறுபது விழுக்காடு கூடியிருக்கும். இரண்டு மடங்காக அளந்திருந்தால் 32 மடங்கு. அடர்த்தியில் செய்யும் பிழையோ அதே அளவில் நின்றுவிடும். எனவே உங்கள் கணக்கில் எந்த எண் அடுக்கில் ஏறியிருக்கிறது என்று முதலில் பார்த்து, கவனத்தையெல்லாம் அதன்மேல் செலுத்துங்கள். மற்றவற்றை முழு எண்ணாக்கிக்கொண்டு போகலாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் விடை பெருமளவு தவறியது உண்டா?

கெல்வின் பிரபுவின் பூமி வயதுக் கணக்கு அதற்குப் பெயர்பெற்றது. உருகிய நிலையில் தொடங்கிய பூமி இன்றைய வெப்பநிலைக்கு ஆற எவ்வளவு காலம் பிடிக்கும் என்று 1862-இல் கணக்கிட்டு, 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள் என்றார். வரம்பு கட்டிச் சொன்னார், வெப்பம் கடத்தும் திறனை அளந்த மதிப்புகளைப் பயன்படுத்தினார், பெருக்கலிலும் தவறில்லை. 1897 வாக்கில் வரம்பை 2 முதல் 4 கோடி என்று இன்னும் இறுக்கினார். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்.

வெப்பம் திடப் பாறை வழியே கடத்தப்பட்டு மட்டுமே வெளியேறுகிறது என்பது அவருடைய எடுகோள். அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெரி, உள்ளே இருக்கும் பொருள் மெல்ல நகர்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவருமானால் மேற்பரப்பு நெடுங்காலம் சூடு ஆறாமல் இருக்கும், வயது பல மடங்கு கூடும் என்று 1895-இல் எடுத்துக்காட்டினார். கெல்வின் ஏற்கவில்லை. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதால் அவர் கணக்கு உடைந்தது என்றே பல நூல்கள் எழுதுகின்றன. பூமிக்குள் கதிரியக்க வெப்பம் உண்டு என்பது உண்மையே என்றாலும், அதை மட்டும் அவருடைய கணக்கில் சேர்த்திருந்தால் விடை பெரிதாக மாறியிருக்காது. பெரி தொட்ட இடமே வலுவான இடம். கெல்வின் எண்களின் பிழைக்கு வரம்பு கட்டினாரே தவிர, எடுகோளின் பிழைக்குக் கட்டவில்லை. வரம்பை இறுக்குவதற்கு முன், எடுகோள் ஒன்றை மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

எந்தெந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்கலாம்?

அதிகம் வேண்டாம். ஆண்டுக்குச் சுமார் 3 கோடி வினாடிகள். ஒரு கன மீட்டர் நீர் ஆயிரம் லிட்டர், ஒரு டன் எடை. ஒரு கன மீட்டருக்கு 35 கன அடி. ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7.2 கோடி, ஓய்வாக இருக்கும் மனிதர் ஒருவர் நூறு வாட் விளக்கின் அளவுக்கு வெப்பம் வெளியிடுகிறார். கடைசி எண் உங்களுக்குப் புதிதாக இருந்தால், நாளுக்கு 2000 கிலோ கலோரி உணவு என்பதை ஜூல் அலகுக்கு மாற்றி, 86,400 வினாடிகளால் வகுத்து நீங்களே வருவித்துக்கொள்ளலாம். திருமண மண்டபத்துக்கு எவ்வளவு குளிரூட்டம் வேண்டும் என்று கேட்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்: ஆயிரம் விருந்தினர் என்றால், கூரையையும் விளக்குகளையும் சேர்க்காமலே நூறு கிலோவாட் வெப்பம்.

தேடினால் இணையத்திலேயே எண் கிடைக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு?

கிடைக்கும் எண்ணில் ஒரு சுழி கூடியிருக்கிறதா, மில்லியனைக் கோடி என்று மொழிபெயர்த்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான். தமிழ்ச் செய்திகளில் இந்த இரண்டாவது தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. அது சரியாகப் பத்து மடங்குப் பிழை என்பதால், குத்துமதிப்புக் கணக்கில் உடனே மாட்டிக்கொள்ளும்.

விடையை எப்படி எழுதுவது?

சலூன் கணக்கில் வகுத்தலின் விடை 2083 என்று கைப்பேசி காட்டும். அதை அப்படியே எழுதினால், அந்த 83-ஐ நாம் எங்கேயோ அளந்துவிட்டோம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். 'சுமார் இரண்டாயிரம், இரண்டு மூன்று மடங்கு கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று எழுதி, நாளுக்குப் பன்னிரண்டு பேர் என்ற எடுகோள்தான் இருப்பதிலேயே உறுதியற்றது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். சந்தேகப்படுபவர் ஒரு சலூனில் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து வந்து, அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தக் கேள்வியில் தொடங்கலாம்?

வீட்டுக்குள் இருப்பதிலேயே தொடங்கலாம். கூரையில் சுற்றும் மின்விசிறி ஓர் ஆண்டில் எத்தனை முறை சுற்றும்? நிமிடத்துக்கு 350 சுற்று, நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் ஆறு கோடியைத் தாண்டும். அடுத்து, இறக்கையின் நுனி அந்த ஆண்டில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேளுங்கள். இறக்கை வரையும் வட்டத்தின் சுற்றளவு நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வரும், நிலவுக்குப் போகும் வழியில் பாதியைத் தாண்டிய தூரம். பிள்ளைகள் நம்ப மறுத்துக் கணக்கைத் திரும்பப் போடுவார்கள். பத்து மணி நேரம் என்பது எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, எங்கள் வீட்டில் இரவும் பகலும் ஓடுகிறது என்று ஒரு பிள்ளை நிச்சயம் எழுந்து சொல்லும். அந்தப் பிள்ளையிடம் கரும்பலகையைக் கொடுத்துவிடலாம்.